மாடியறை விமானிகளைப் பழிப்போருக்கு

சிதம்பரத்தில் ஒரு நூல் அறிமுகக் கூட்டம் முடிந்து, கீழவீதித் தேநீர்க்கடை ஒன்றின் வாசலில் நின்றிருந்தோம். நான் பெரிதும் மதிக்கும் மூத்த எழுத்தாளர் ஒருவர் என் பக்கம் திரும்பி, "என்னங்க, மாடி ரூம்ல முகமூடி மாட்டிக்கிட்டு ஏரோப்ளேன் ஓட்டுறீங்களாமே?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அத்துடன் அவர் விட்டிருந்தால் இக்கட்டுரைக்குத் தேவை நேர்ந்திராது. "வாசலுக்கு வெளியே இருக்கிற வாழ்க்கையை விட்டுட்டு, இல்லாத அனுபவத்துக்குக் காசு கொடுக்கிற காலம்" என்று அவர் முடித்தார். இன்னொரு நண்பர் ஊருக்குப் பொருத்தமாக ஒன்றைச் சேர்த்தார்: "சிதம்பர ரகசியந்தான். திரையை விலக்கினா ஒண்ணுமில்லை."

கடலூர் திரும்பும் பேருந்தில் புவனகிரியும் ஆலப்பாக்கமும் கடந்தபின்புதான் எனக்குப் பதில் தோன்றத் தொடங்கியது. எனக்கு எப்போதும் அப்படித்தான். ஆகவே அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன். அந்த நண்பர்மீது எனக்குக் கோபமில்லை. ஆனால் அவர் வாயிலிருந்து வந்தது தமிழ் இலக்கிய உலகத்தின் பொதுக்கருத்து. ஆகவேதான் அதை மறுத்தாக வேண்டியிருக்கிறது.

முதலில் இன்னதென்று சொல்லிவிடுகிறேன். பழிப்பவர்களில் பலர் இதைக் கண்டதில்லை. கணினியில் விமானம் ஓட்டிப் பழகும் மென்பொருள்கள் புதியவையல்ல. 1970களின் இறுதியில் புரூஸ் ஆர்ட்விக் என்பவர் ஆப்பிள் 2 கணினிக்கு எழுதிய கோட்டுச்சித்திர விமானத்திலிருந்து இவ்வரலாறு தொடங்குகிறது. அதன் வழித்தோன்றலை 1982-ல் மைக்ரோசாப்ட் வெளியிட்டது. 2020 ஆகஸ்டில் அந்நிறுவனமே பூமி முழுவதையும் செயற்கைக்கோள் படங்களிலிருந்து எழுப்பிக்காட்டும் புதிய பதிப்பைக் கொண்டுவந்து, அவ்வாண்டு டிசம்பரில் அதனுள் வி.ஆர். ஹெட்செட்டுக்கும் வழி செய்தது. ஆஸ்டின் மேயரின் எக்ஸ்-பிளேன் அதை 2018-லேயே செய்துவிட்டது. கைப்பிடி, விசைநெம்பு, காலால் மிதிக்கும் சுக்கான் மிதிகள், தலையில் மாட்டும் ஹெட்செட் ஆகியவையே இதற்கான தளவாடங்கள். நல்ல வரைகலை அட்டையுள்ள கணினியோடு சேர்த்துக் கணக்கிட்டால் ஒரு மோட்டார் சைக்கிளின் விலை ஆகும். இச்செலவை நியாயப்படுத்த நான் வரவில்லை. அதன் எதிரில் என்ன கிடைக்கிறது என்பதைச் சொல்லவே வந்தேன்.

ஹெட்செட் எதற்கு, தட்டைத் திரை போதாதா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. விமானம் ஓட்டக் கற்பவன் முதலில் பழகுவது ஓடுபாதையைச் சுற்றிவரும் ஒரு செவ்வகப் பாதை. எழும்பி, இடப்பக்கம் திரும்பி, ஓடுபாதைக்கு இணையாக எதிர்த்திசையில் பறக்கிறான். ஓடுபாதையின் முனை அவனது இடத்தோளுக்குப் பின்னே ஏறத்தாழ நாற்பத்தைந்து பாகையில் வரும்போது மறுபடி திரும்ப வேண்டும். அதைக் காண அவன் கழுத்தைத் திருப்பியாக வேண்டும். தட்டைத் திரையில் கழுத்தைத் திருப்பினால் தெரிவது அலமாரிதான். பொத்தானை அழுத்திக் காட்சியைச் சுழற்ற வேண்டியிருக்கும், அதற்குள் முன்பக்க நிதானம் தவறிப்போகும். ஹெட்செட்டில் கழுத்து கழுத்தாகவே வேலை செய்கிறது. இறங்கும்போது சக்கரம் தரையைத் தொடுமுன் மூக்கை மெல்லத் தூக்க வேண்டிய கணம் ஒன்று உண்டு. திரையில் ஓடுபாதை ஒரு படமாகவே இருப்பதால் அக்கணம் பிடிபடுவதில்லை. இரு கண்களுக்கும் தனித்தனிப் படம் தரும் ஹெட்செட்டில் ஓடுபாதை ஒரு தரையாகிறது. உயரம் கண்ணுக்குத் தெரிகிறது.

இதற்கு விலையும் கொடுக்கிறோம். ஒவ்வொரு கண்ணுக்கும் நொடிக்குத் தொண்ணூறு படம்வரை வரைய வேண்டியிருப்பதால் கணினி திணறுகிறது. அது திணறினால் நமக்குக் குமட்டுகிறது. மாட்டிக்கொண்டவனுக்குத் தன் கையே தெரியாது. ஒவ்வொரு விசையையும் தடவி அறியப் பழக வேண்டும். சித்திரை வெயிலில் கடலூர் மாடியறையில் அரைமணி நேரத்தில் கண்ணாடி வியர்த்துவிடும். எதிரில் ஒரு மேசை விசிறி, சட்டைப்பையில் இஞ்சி மொரப்பா, நடுவில் மின்வெட்டு. இதை இன்ப உலகம் என்று யாரேனும் கற்பனை செய்திருந்தால் அக்கற்பனையைக் கைவிடுக.

இனி முதற்குற்றச்சாட்டுக்கு வருகிறேன்: இது பொய்.

இக்குற்றச்சாட்டு சிதம்பரத்தில் எழுந்தது எனக்கு வியப்பளிக்கவில்லை. ஏறத்தாழ தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் இதே வழக்கு இதே ஊரில் நடந்திருப்பதாகத்தான் நம் மரபு சொல்கிறது. சோழ மன்னன் அநபாயன் சமணக் காப்பியமான சீவக சிந்தாமணியில் திளைத்திருந்தான் என்றும், அந்தப் பொய்ந்நூலை விட்டு மெய்யடியார் வரலாற்றைக் கேட்கவேண்டும் என்று அவனது அமைச்சர் சேக்கிழார் எடுத்துரைத்தார் என்றும், தில்லை ஆயிரக்கால் மண்டபத்தில் அமர்ந்து திருத்தொண்டர் புராணத்தைப் பாடினார் என்றும் உமாபதி சிவாசாரியார் பெயரில் வழங்கும் சேக்கிழார் புராணம் கூறுகிறது. இது எந்த அளவுக்கு வரலாறு என்பது வேறு விவாதம். எனக்கு வேண்டியது, மன்னன் மயங்கிக் கிடந்ததாகச் சொல்லப்படும் அந்நூலின் தொடக்கத்திலேயே ஒரு பறக்கும் பொறி இருக்கிறது என்பதே.

மயிற்பொறிக் கதையை நாமெல்லாம் பள்ளியில் படித்துவிட்டு மறந்துவிட்டோம். விசயை கண்ட தீக்கனாவின் பொருளறிந்த சச்சந்தன், தச்சனைக் கொண்டு மயில் வடிவில் ஒரு பொறி செய்விக்கிறான். வலமாகத் திருகினால் மேலே எழும், இடமாகத் திருகினால் கீழே இறங்கும். நாம் கவனிக்கத் தவறுவது அடுத்த செய்தியை: ஆபத்து வருமுன்பே அரசி அப்பொறியில் பறந்து பழகுகிறாள். வெறும் பழக்கம், எங்கும் போவதற்கன்று, யாரிடமிருந்தும் தப்புவதற்குமன்று. கட்டியங்காரன் அரண்மனையை வளைத்துக்கொண்ட நாளில் அந்தப் பழக்கந்தான் அவளையும் வயிற்றிலிருந்த பிள்ளையையும் வெளியே கொண்டுசென்றது. பகைவனின் வெற்றிமுரசு கேட்டு அவள் நினைவிழக்க, பொறி சுடுகாட்டில் இறங்குகிறது. ஓட்டுபவர் நினைவிழந்தால் ஊர்தி என்னாகும் என்பதுவரை யோசித்த திருத்தக்கதேவர், பறப்பதற்குமுன் பழகவேண்டும் என்பதையும் யோசித்திருக்கிறார். அக்காப்பியத்தைப் பொய்ந்நூல் என்றது ஒரு மரபு. 1887-ல் அதே நூலை அச்சேற்றி நமக்குத் தந்தவரோ சைவச் சூழலில் வளர்ந்த உ.வே. சாமிநாதையர். அதனால் அவருடைய சைவமும் குறைந்துவிடவில்லை, தமிழும் கெட்டுவிடவில்லை.

நாவல் படிப்பவர்கள், நாவல் எழுதுபவர்கள் 'இல்லாத அனுபவம்' என்று ஒன்றை இழித்துரைப்பது எனக்குப் புரியவில்லை. போகாத ஊருக்குப் போய், பிறக்காத மனிதரோடு வாழ்ந்து, நடக்காத சாவுக்கு அழுதுவிட்டு வருகிறவர்கள் நாம். கற்பனைக்கு உரிமம் நம்மிடம் மட்டும் இருக்கிறது, கணினியோடு அமர்ந்திருப்பவனிடம் இல்லை என்று எந்த நீதிமன்றத்தில் தீர்ப்பாயிற்று?

'நாவல் மனத்தை விரிக்கிறது, உங்கள் பொறி மனத்தை மழுக்குகிறது' என்று அடுத்த அம்பு வரும் என்பதை அறிவேன். அதற்குப் பழைய செய்தி ஒன்றைச் சொல்கிறேன். 1929-ல், அதாவது நம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றிய அதே ஆண்டில், அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவர் ஒரு பெட்டி செய்தார். அவருடைய தந்தைக்கு இசைக்கருவித் தொழிற்சாலை இருந்தது. ஆர்கனுக்குக் காற்றூட்டும் துருத்திகளைக் கொண்டு, உட்கார்ந்திருப்பவனை விமானம்போலச் சாய்த்தும் திருப்பியும் காட்டும் குட்டி விமானம் அது. பறத்தல் பள்ளிகள் அதைச் சீந்தவில்லை. கேளிக்கைப் பூங்காக்கள்தாம் அதை வாங்கின. காசு போட்டால் ஆடும் பொம்மைதானே என்பது அன்றைய கருத்து. 1934-ல் அமெரிக்க இராணுவ விமானப்படை அஞ்சல் சுமக்கும் பொறுப்பை ஏற்றது. குளிர்காலப் பனியிலும் மேகத்திலும் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கத் தெரியாத இளைஞர்கள் அடுத்தடுத்து விழுந்து இறந்தார்கள். அதன்பிறகுதான் படை அந்தப் பொம்மைகளில் ஆறினை வாங்கியது. இரண்டாம் உலகப்போரின்போது ஐந்து லட்சத்துக்கும் அதிகமான விமானப்படையினர் அந்தப் பெட்டியில் பயின்றார்கள். பொய்ப்பெட்டியில் பழகாதவர்கள் மெய்வானத்தில் செத்தார்கள் என்பதுதான் அந்த வரலாறு.

இங்கே 'மெய்' என்ற சொல்லிலேயே சற்று நிற்க வேண்டும். இத்தொழில்நுட்பத்துக்கு நாம் 'மெய்நிகர்' என்று பெயர் வைத்திருக்கிறோம். நல்ல பெயர், வைத்தவர் அறிந்து வைத்தாரோ அறியாது வைத்தாரோ, ஒரு பெரிய சிக்கலை அதனுள் வைத்துவிட்டார். தமிழில் மெய் என்றால் உண்மை. மெய் என்றால் உடம்பும்தான். உடம்பு உணர்வதே உண்மை என்ற நம்பிக்கை அச்சொல்லுக்குள் உறங்குகிறது. அனுபவவாதிகளான நம் எழுத்தாளர்களின் வாதத்துக்கு அடித்தளமும் அதுவே: உடம்பு அங்கே இருந்ததா? இருந்தால் மெய், இல்லையேல் பொய்.

விமானிகளைக் கேட்டுப்பாருங்கள், உடம்பைப்போலப் பொய் சொல்வது வேறொன்றில்லை என்பார்கள். காதினுள்ளே அரைவட்டக் குழல்களில் நீர் இருக்கிறது; உடம்பு திரும்பும்போது அந்நீர் பின்தங்குவதை உணர்ந்து 'திரும்புகிறோம்' என்று மூளை அறிகிறது. மேகத்துக்குள் விமானம் மெதுவாகச் சாய்ந்து நெடுநேரம் ஒரே சீராகத் திரும்பினால் அந்நீரும் உடன் சுழன்று நிலைகொண்டுவிடும். அப்போது காது 'நேராகப் போகிறோம்' என்று சொல்லும். நேராக்கினாலோ 'எதிர்ப்பக்கம் சாய்கிறோம்' என்று அலறும். அடிவானம் தெரியாத இடத்தில் உடம்பை நம்பியவன் தானே விமானத்தைத் தரைக்குத் திருப்பிவிடுகிறான்.

1978 ஜனவரி 1 இரவில் பம்பாயிலிருந்து துபாய்க்குப் புறப்பட்ட ஏர் இந்தியா 855, 'பேரரசர் அசோகர்' என்று பெயர் பூண்ட போயிங் 747, புறப்பட்ட சில நிமிடங்களில் பாந்திராவுக்கு அப்பால் அரபிக்கடலில் விழுந்தது. 213 பேரும் இறந்தார்கள். தலைமை விமானியின் எதிரிலிருந்த சாய்வுகாட்டும் கருவி பழுதாகி, விமானம் வலப்பக்கம் சாய்ந்திருப்பதாகக் காட்டியது. அவர் அதைச் சரிசெய்வதாக எண்ணி இடப்பக்கம் உருட்டிக்கொண்டே போனார். கீழே இருண்ட கடல், மேலே இருண்ட வானம். அனுபவமிக்க அவருடைய உடம்பால் அவரை எச்சரிக்க இயலவில்லை. அருகிலேயே வேறு கருவிகள் சரியாகக் காட்டிக்கொண்டிருந்தன. ஒரு கருவி பொய்த்தால் மற்றவற்றோடு ஒப்பிட்டு எதை நம்புவது என்று முடிவெடுக்கும் பழக்கம் இருக்கிறதே, அதுதான் விமானியின் கல்வி. அக்கல்வியைத் தரையில் உட்கார்ந்தபடிதான் பெறமுடியும். வானத்தில் அதைக் கற்க நேர்ந்தால் கற்றவன் திரும்புவதில்லை.

ஹெட்செட்டில் நடப்பது இதன் தலைகீழ். கண் 'திரும்புகிறோம்' என்கிறது. காது 'நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம்' என்கிறது. இரண்டும் முரண்படும்போதுதான் குமட்டல் வருகிறது. இம்முரணை ஒருமுறை வயிற்றில் உணர்ந்தவன் 'நேரடி அனுபவம்' என்ற சொல்லை அவ்வளவு எளிதாகப் பயன்படுத்த மாட்டான். என் அறிவு எத்தனை பேருடைய சாட்சியங்களைக் கொண்டு கட்டப்படுகிறது, அவர்களில் யார் எப்போது பொய்யுரைப்பர் என்பதை நான் சிந்திக்கத் தொடங்கியது தத்துவ நூல்களால் அன்று. மேசை விசிறிக்கு எதிரே வியர்த்து உட்கார்ந்ததால்.

இதைக் கேட்டு மறுதரப்பார் மகிழ்ந்துவிட வேண்டாம். 'இதுவே உண்மையான பறத்தல், இனி விமானம் எதற்கு' என்று கூத்தாடும் தொழில்நுட்பப் பக்தர்களோடும் எனக்கு வழக்கு உண்டு. வீட்டில் ஆயிரம் மணிநேரம் ஓட்டினாலும், வணிக விமானி உரிமத்துக்கு நம் நாட்டில் வேண்டிய 200 மணிநேரத்தில் ஒரு நிமிடம்கூட அதனால் குறையாது, குறையவும் கூடாது. ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை 2021-ல் ஒரு வி.ஆர். பயிற்சிக் கருவிக்கு முதன்முறையாகத் தகுதிச் சான்றிதழ் தந்தது உண்மையே. ராபின்சன் ஆர்22 ஹெலிகாப்டருக்கான அக்கருவி, அசையும் மேடைமேல் நிற்பது, பயிற்றுநரின் மேற்பார்வையில் இயங்குவது. என் மாடியறைக்கு அத்தகுதி இல்லை. தரையிறங்கும்போது தவறினால் நான் எழுந்துபோய்த் தண்ணீர் குடிக்கிறேன். இந்த வேறுபாட்டை மறந்தவனுக்கு வைத்தியம் தேவை.

சிதம்பர ரகசியத்தைச் சொன்ன நண்பருக்கும் ஒரு வார்த்தை. ஆகாயத் தலத்தின் திரைக்குப் பின்னே வெறும் வெளியையும் தொங்கும் பொன் வில்வத்தையும் காட்டிய மரபு, காண ஒன்றுமில்லாததைக் காண மனிதன் எவ்வளவு ஆயத்தப்பட வேண்டும் என்பதைச் சொல்கிறது. ஹெட்செட்டோ வெளியை ஒரு கணமும் வெறுமையாக விடாது. எங்கு திரும்பினாலும் எதையாவது வரைந்து நிரப்பிக்கொண்டே இருக்கும். இரண்டையும் ஒப்பிடுவது இரண்டையும் அறியாமை. கேலிக்காகவும் செய்யவேண்டாம், புகழ்ச்சிக்காகவும் செய்யவேண்டாம்.

இனி, எனக்கு உண்மையிலேயே முக்கியமான செய்திக்கு வருகிறேன்.

என் மைத்துனர் நெய்வேலிச் சுரங்கத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மண்ணை வாரியெடுக்கும் அந்த ராட்சதச் சக்கர இயந்திரத்தில் இரவும் பகலுமாக முறைமாற்றி உழைத்தவர். பொங்கலுக்கு வீட்டுக்கு வந்திருந்தபோது அவர் தலையில் ஹெட்செட்டை மாட்டி, கைப்பிடியை நான் வைத்துக்கொண்டேன். புதுச்சேரி விமான நிலையத்தில் எழும்பி, கடலோரமாகத் தெற்கே பறந்தோம். தென்பெண்ணை முகத்துவாரம், தேவனாம்பட்டினம், பழைய துறைமுகம், உப்பனாற்றின் வளைவு, சிப்காட்டின் தகரக் கூரைகள். பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு, அதையடுத்துப் பிச்சாவரத்தின் அலையாத்திக் காடு, பச்சைக் கம்பளத்தில் கரையான் அரித்ததுபோல் நீர்வழிகள். சிதம்பரத்தின் மேல் ஒரு சுற்று. நான் பயன்படுத்தும் மென்பொருளில் கோபுரங்கள் நான்கும் அடுக்குமாடிக் குடியிருப்புகளாக நின்றன. கணினி தானே ஊகித்து எழுப்பும் கட்டடங்கள் இப்படித்தான் இருக்கும். 2020-ல் பக்கிங்ஹாம் அரண்மனையே அலுவலகக் கட்டடமாகத் தெரிந்ததாக உலகம் சிரித்தது. மெல்போர்னில் இரண்டு மாடி என்பதை யாரோ வரைபடத்தில் 212 என்று தவறாகத் தட்டிவிட, புறநகரின் நடுவே ஊசிபோல ஒரு கோபுரம் முளைத்தது. மைத்துனர் சிரித்தார்.

பிறகு வடமேற்கே திரும்பி நெய்வேலிக்குப் போனோம். நகரியத்தின் வட்டங்கள் ஒழுங்காகக் கட்டம் போட்டதுபோல வந்தன. எண்களைச் சொல்லிக்கொண்டே வந்தார். அதற்கப்பால் சுரங்கம். அவர் பேச்சு நின்றது. அந்தப் பள்ளத்துக்குள் தன் வாழ்நாளைக் கழித்தவர், அதை முழுதாக ஒருமுறையும் பார்த்ததில்லை. உள்ளே இருப்பவனுக்குத் தெரிவது எதிரேயுள்ள மண்சுவர் மட்டுமே. சற்று நேரங்கழித்து, "இவ்ளோ பெருசாவா தோண்டினோம்?" என்றார். பிறகு, "இன்னும் கொஞ்சம் தாழப் பறங்க மாமா. எங்கம்மா ஊரு இதுல எந்தப் பக்கம் இருக்கும்னு பார்க்கணும்" என்றார். அவருடைய தாய் பிறந்த ஊர் நிலம் எடுத்தபோது போனது. மூன்று முறை சுற்றினோம். அவரால் இடத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஹெட்செட்டைக் கழற்றியபோது முகத்தைத் துடைத்துக்கொண்டு, வியர்வை என்றார்.

தெற்கே வளையமாதேவியையும் பார்த்தோம். 2023 ஜூலையில் பரவனாற்று மாற்றுக் கால்வாய்க்காக, கதிர் வளர்ந்துகொண்டிருந்த நெல்வயலில் இயந்திரங்கள் இறங்கிய ஊர் அது. என் மென்பொருளில் உள்ள படம் அதற்கு முந்தியது. அங்கே வயல் இன்னும் வயலாகவே இருக்கிறது.

இதை 'இல்லாத அனுபவம்' என்று சொல்ல யாருக்கேனும் மனம் வருமானால் சொல்லட்டும். வான்காட்சி நெடுங்காலம் அரசுக்கும் இராணுவத்துக்கும் நில அளவை அலுவலகத்துக்கும் மட்டுமே உரியதாக இருந்தது. நிலத்தை எடுப்பவன் மேலிருந்து பார்த்தான். நிலத்தை இழந்தவன் கீழே நின்றான். இன்று ஓய்வு பெற்ற ஒரு தொழிலாளி, தான் தோண்டிய பள்ளத்தைத் தன் கண்ணால் முழுதாகக் காண்கிறார். நம் இலக்கியம் அவரைப்பற்றி எழுதலாம், எழுதவும் வேண்டும். ஆனால் அவர் காண்பதைப் பொம்மை விளையாட்டு என்று சிரிக்கும் உரிமை அதற்கு இல்லை.

ஆனால் இக்காட்சி யாருடைய சொத்து என்ற கேள்வி உடனே வருகிறது. என் உண்மையான சினம் இங்கேதான். மைக்ரோசாப்ட் வகுத்த 'விண்டோஸ் மிக்ஸ்ட் ரியாலிட்டி' என்ற ஏற்பாட்டை நம்பிப் பல நிறுவனங்கள் ஹெட்செட் செய்தன. 2020-ல் வந்த எச்.பி. ரிவெர்ப் ஜி2, வீட்டு விமானிகளின் செல்லப்பிள்ளை. கருவிப்பலகையின் சிற்றெழுத்தும் தெளிவாகத் தெரியும் என்பதற்காகவே வாங்கினார்கள். 2024-ல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் அந்த ஏற்பாட்டையே நீக்கிவிட்டார்கள். கண்ணாடி உடையவில்லை, கம்பி அறவில்லை. ஆனால் கணினியைப் புதுப்பித்தவனுக்கு அது காகிதம் பறக்காமல் வைக்கும் கல். விமான மென்பொருளை விற்பதும் அதே நிறுவனம் என்பதை நினைவிற்கொள்க. மூக்குக்கண்ணாடி வாங்கி நான்காண்டு கழிந்தபின் கடைக்காரர் வீட்டுக்கு வந்து, 'இனி இதன்வழி பார்க்க இயலாது' என்று சொல்வதை நாம் பொறுப்போமா? ஓக்குலஸ் ஹெட்செட்டுகளை வாங்கிய பேஸ்புக், 2020 அக்டோபர் முதல் புதிதாகச் சேர்வோர் பேஸ்புக் கணக்கு வைத்திருந்தால்தான் கருவியையே இயக்க முடியும் என்று விதித்து, எதிர்ப்பு வலுக்கவே 2022-ல் அதைத் தளர்த்தியது. உலகமே தொலைவிலுள்ள ஒரு நிறுவனத்தின் கணினிகளிலிருந்து நொடிக்கு நொடி இறங்கிக்கொண்டிருக்கிறது. அங்கே ஒருவர் விசையை அணைத்தால் என் மைத்துனரின் பள்ளமும் அணைந்துவிடும். நம் இலக்கியவாதிகள் சினங்கொள்ள வேண்டிய இடம் இது. பொய்யா மெய்யா என்ற கேள்வியில் நின்றுகொண்டு, யாருடையது என்ற கேள்வியைத் தவறவிடுகிறோம்.

மாற்று இல்லாமலில்லை. 'பிளைட்கியர்' என்றொரு கட்டற்ற மென்பொருள் 1990களின் பிற்பகுதியிலிருந்து உலகெங்குமுள்ள ஆர்வலர்களின் உழைப்பால் வளர்ந்து வருகிறது. விலையில்லை, மூலநிரல் யார் வேண்டுமானாலும் பார்க்கத் திறந்திருக்கிறது, பழைய கணினியிலும் ஓரளவு ஓடும். அழகில் குறைவு. ஆனால் யாரும் அதை நம்மிடமிருந்து பறித்துக்கொள்ள முடியாது. எங்கள் தெருவில் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் படிக்கும் மீனவர் வீட்டுப் பெண்ணொருத்தி இருக்கிறாள். விமானியாவது அவள் கனவு. பறத்தல் பள்ளிக்கான பல லட்சம் அவள் தந்தையிடம் இல்லை. வலது கையும் இடது காலும் எப்போது எவ்வளவு அசையவேண்டும் என்று அவள் கற்பதற்குக் கடலூர் மாவட்ட மைய நூலகத்தில் ஒரு கணினியும் ஒரு கைப்பிடியும் போதும். ஹெட்செட் ஒன்றும் இருந்தால் நல்லது. கேட்டால் சிரிப்பார்கள். நாம் சிரித்துக் காட்டியதைப் பார்த்துத்தான் அவர்களும் சிரிக்கிறார்கள்.

அவளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தமிழில் ஒரு கையேடு இல்லை. மூக்கு மேலுங்கீழும் ஆடுவதற்கும், சிறகு பக்கவாட்டில் சாய்வதற்கும், முகம் இடம்வலம் திரும்புவதற்கும் எல்லாரும் ஒப்பிய சொற்கள் புழக்கத்தில் இல்லை. புதுச்சேரி ஓடுபாதையின் பெயர் 07. அதன் முகம் எழுபது பாகையில், ஏறத்தாழ கிழக்கு வடகிழக்கில் இருப்பதால் அப்பெயர். மார்கழியில் வாடை வீசும்போது இடப்பக்கமிருந்து அது விமானத்தைத் தள்ளும் என்று நான் சொன்னதும் அவள் உடனே புரிந்துகொண்டாள். வாடையும் கொண்டலும் சோழகமும் அவள் வீட்டுச் சொற்கள். குறுக்கே அடிக்கும் காற்றில் படகின் முகத்தைச் சற்றுத் திருப்பிவைத்துக் கரைசேர்வது அவள் தந்தை நாள்தோறும் செய்வது. இச்சொற்களைத் திரட்டி ஒரு கையேடு எழுதுவது நம்மைப்போன்ற எழுத்தாளர்களின் வேலை. அதைச் செய்யாமல் தேநீர்க்கடையில் நின்று சிரிக்கிறோம்.

கடைசியாக ஒன்று. நெய்வேலியில் ஒரு ஓடுபாதை இருக்கிறது. வாயுதூத் விமானங்கள் ஒரு காலத்தில் அங்கே இறங்கின. 2017-ல் உடான் திட்டத்தின் முதற்சுற்றில் அதன் பெயரும் அறிவிக்கப்பட்டது. அடுத்துவந்த ஆண்டுகளில் அந்த அறிவிப்பு பயணச்சீட்டாக மாறவில்லை. மாடியறையில் பறப்பவன் மெய்யான ஓடுபாதையைக் கேட்க மறந்துவிடுவான் என்பது ஒரு நியாயமான அச்சம். ஆனால் நான் கண்டது வேறு. சிகாகோவின் மெய்க்ஸ் பீல்டு விமான நிலையம்தான் பல ஆண்டுகள் மைக்ரோசாப்ட் மென்பொருளின் தொடக்க ஓடுபாதையாக இருந்தது. 2003 மார்ச் 30 நள்ளிரவில் மேயர் ரிச்சர்ட் டேலி இயந்திரங்களை அனுப்பி அதைத் தோண்டிப் போட்டார். அந்த ஊருக்கே போகாத எத்தனையோ பேர், திரையில் மட்டும் அங்கிருந்து எழும்பியவர்கள், தம் சொந்த ஊரில் ஒன்று போனதுபோல வருந்தினார்கள். பழகியதன்மேல்தான் உரிமையும் அக்கறையும் பிறக்கின்றன. நெய்வேலி ஓடுபாதையில் திரையிலேனும் நூறுமுறை இறங்கியவன்தான், அங்கே ஏன் விமானம் வரவில்லை என்று நூற்றியோராம் முறை கேட்பான்.

மூத்த நண்பருக்கு: அடுத்த முறை கடலூர் வரும்போது வீட்டுக்கு வாருங்கள். திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரந்தான். மேசை விசிறியை உங்கள் பக்கம் திருப்பிவைக்கிறேன். முதற்கால்மணி குமட்டும், இஞ்சி மொரப்பா இருக்கிறது. உங்கள் ஊர்மேல் ஒரு சுற்று சுற்றிக் காட்டுகிறேன். அதன்பின்னும் இது பொய் என்று தோன்றினால் எழுதுங்கள். நான் படிக்கிறேன், மறுக்கிறேன்.